வீரை மரத்தில் மிஞ்சிய குழை

முழங்கால் இரண்டும் போய்விட்டன. பள்ளிமுனையில் என் வீட்டில் இருந்து கோவிலடிக்குப் போவதற்கே இப்போது இடையில் இரண்டு தரம் நிற்க வேண்டியிருக்கிறது. காட்டுப் பாதையில் காலையும் பின்னேரமும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்த கால்கள் இவை என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. எனக்கே சில நேரம் நம்பிக்கை வருவதில்லை.

நான் வேலை செய்த காட்டுப் பூங்காவில் இப்போது இருக்கிற பிள்ளைகள், நான் ஓய்வு பெற்ற நாளில் இருந்து ஒரே கரைச்சல். "ஜெசி அக்கா, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, மலரில போடுவம்" என்று. எனக்கு எழுதுகிற எண்ணம் இருக்கவில்லை. நடந்தது போதும், அதைத் திரும்ப எழுத்திலும் நடக்க வேண்டுமா என்று இருந்தேன். ஆனால் போன மாதம் ஓய்வூதிய அலுவலாக அங்கே போன இடத்தில் ஒன்றைப் பார்த்தேன். வாசலில் இப்போது மெஷின் வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர்களின் கையில் ஒரு பட்டி கட்டி விடுகிறார்கள், திரும்பி வரும்போது அதைக் கழற்றிக் கொடுத்தால் மெஷின் கணக்கில் ஆள் குறைகிறது. நல்ல விஷயம். ஆனால் நான் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு மனிதர் வந்து தன் குடும்பத்தின் பட்டிகள் எல்லாவற்றையும் ஒரே பிடியாக நீட்டினார். அவருடைய ஆட்கள் இன்னும் உள்ளே எங்கேயோ படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் நின்ற பிள்ளை சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். மெஷினில் பூச்சியம் விழுந்தது.

ஒரு கதிரை கேட்டு வாங்கி இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மன்னார்ப் பாலத்தைத் தாண்டி, திருக்கேதீஸ்வரத்துக்குத் திரும்புகிற சந்தியையும் விட்டு, மடுப் பக்கமாகப் போனால் வருகிற காடு எங்களுடையது. பட்டணத்தில் இருந்து கிட்ட என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் வரும். வட்டமாக ஒரு நடைபாதை. போன வழியால் திரும்பி வரத் தேவையில்லை, சுற்றி அதே வாசலுக்கு வந்து சேரலாம். பாலை, வீரை, முதிரை, கீழே முள்ளுப் பற்றை. பார்க்க வருகிறவர்களுக்கு மயிலும் மானும் கண்ணில் பட்டால் சந்தோசம். ஒன்றும் படாவிட்டால் எங்களைத்தான் பார்ப்பார்கள், நாங்கள் ஒளித்து வைத்திருக்கிறோம் என்கிற மாதிரி.

கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்த நேரம், கிடைத்த வேலை அது. பயிற்சி சிங்களத்தில் நடந்தது. பாதி விளங்கியது. மீதியைப் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டேன். கந்தோர்ப் பதிவில் என் வேலைக்கு வேறு பெயர் இருந்தது, எங்களுக்குள் அதற்குப் பெயர் வால். வரிசையின் கடைசியில் நடப்பவள். எனக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை. வேலைக் காலம் முழுக்க நான் பார்த்தது மனிதர்களின் முதுகுகளைத்தான். யார் களைத்துவிட்டார், யார் கோபத்தில் நடக்கிறார், யாருக்கு ஒதுங்கப் போக வேண்டும் என்பதெல்லாம் முதுகிலேயே தெரியும்.

எங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவர் சிவஞானம் சேர். பெரியமடுப் பக்கம், வயல்காரக் குடும்பம். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு தடி. அந்தத் தடியை அவர் ஊன்றி நான் கண்டதில்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். திரும்பப் போடுமட்டும் நாங்கள் வாய் திறப்பதில்லை. ஏச்சு வாங்கினால் கூடப் பரவாயில்லை என்று இருக்கும் அந்த நேரம்.

ஒரு கூட்டம் வந்தால் அவர் செய்கிற வேலைகளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் ஒவ்வொருவருடைய தண்ணீர்ப் போத்தலையும் வாங்கிக் காதடியில் பிடித்துக் குலுக்குவார். அரைவாசி என்றால் நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுவார். பிறகு காலில் என்ன செருப்பு என்று பார்ப்பார். அதற்குப் பிறகு சாப்பாடு. பொரித்த மீன், பழம், ஒன்றும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார். "கரடிக்கு உங்களை விட மூக்கு நீளம்" என்பார், சிரிக்காமல். கடைசியாகக் குழை.

காட்டுக்குள் போகிறவர்கள் இலையோடு ஒரு சின்னக் குழையை முறித்து, வழியில் இருக்கிற மரக்கொப்பில் ஐயனாருக்கு என்று தொங்கப் போட்டுவிட்டுப் போவது வன்னிப் பக்கத்து வழக்கம். தேன் எடுக்கப் போகிறவர், மாடு தேடிப் போகிறவர், எல்லாரும் செய்வது. எங்கள் வாசலில் ஒரு வீரை மரம் கொப்பைத் தாழ விட்டுக்கொண்டு நின்றது. சேர் அதில் ஆளுக்கு ஒரு குழை போடச் சொல்லுவார். ஊர் வழக்கத்தில் போடுவது மட்டும்தான். திரும்பி வந்து எடுக்கிறது சேர் சேர்த்த பகுதி. வெளியே வந்தவர் தன் குழையைத் தானே எடுக்க வேண்டும், மற்றவருடையதைத் தொடக் கூடாது. கொப்பில் ஒரு குழை மிஞ்சினால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறது. குழை இருக்குமட்டும் கதவைப் பூட்டக் கூடாது.

"பேரை எழுதி வாங்கினால் என்ன சேர்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"பேர் எழுதச் சொன்னால் ஒராள் பத்துப் பேருக்கு எழுதும். சாமிக்குப் போட்ட குழையில சனம் விளையாடாது பிள்ளை."

நான் வேதக்காரி, மாதா கோவில் ஆள். எனக்கு முதலில் கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருந்தது. பிறகு அதை வேலைக்கு வந்ததற்கு வைக்கிற கையெழுத்து மாதிரி எடுத்துக்கொண்டேன். முஸ்லிம் ஆட்கள் வருவார்கள், சிங்கள ஆட்கள் வருவார்கள், எல்லாரும் போட்டார்கள். சிங்கள ஆட்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கவே தேவையிருக்கவில்லை, அவர்களிடமும் அதே வழக்கம் இருந்தது.

மடு மாதா கோவில் திருவிழா முடிந்த அடுத்த நாள் அது. எங்கள் பள்ளிமுனைச் சனம் இரண்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வழியில் காட்டைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று இறங்கினார்கள். முழுக்கத் தெரிந்த முகங்கள். எனக்கு அன்றைக்கு வேலையும் கூட, கதையும் கூட. பாலைப்பழக் காலம். மரங்களில் மஞ்சளாகக் காய்த்துத் தள்ளியிருந்தது. பாலைப்பழக் காலம் என்றால் கரடிக் காலமும்தான்.

பிலோமினா அக்கா என் வீட்டில் இருந்து நாலு வீடு தள்ளி இருப்பவ. மகள் அந்த நேரம் பிள்ளைத்தாச்சி, ஒன்றும் சாப்பிட மாட்டேன் என்று படுத்துக் கிடந்தாள். பிலோமினா அக்கா வாசலில் குழை போட மறுத்துவிட்டா. சேரிடம் நேரே சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னா.

"மடு மாதாட மண் சேலை முடிச்சில கிடக்கு. நேற்றுத்தான் பூசை கண்டு வந்தனான். இண்டைக்கு நான் ஐயனாருக்குக் குழை போடுறதோ? விடும் பிள்ளை."

"அது கணக்குக்குத்தான் அக்கா. போடுங்கோ" என்றேன்.

"ஓம் ஓம், போடுறன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு மரத்தடிப் பக்கம் போனா. கூட்டத்துக்குள் நான் பிறகு கண்டது, றெஜினா மச்சாள் கொப்பை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான். றெஜினா பிலோமினா அக்காவின் புருசனுடைய தங்கச்சி. பாவம், சண்டை சச்சரவு வரக் கூடாது என்று எப்போதும் பார்க்கிற மனுசி. அவ இரண்டு குழை முறித்து, இரண்டையும் போட்டிருக்கிறா. தனக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. ஒருவரிடமும் சொல்லவில்லை.

கூட்டத்தை இரண்டாகப் பிரித்தோம். விரைவாக நடப்பவர்கள் முதலில், அவர்களுக்கு வால் நான். மற்றவர்கள் பின்னால், அவர்களுக்கு வால் நசீர். நசீர் எருக்கலம்பிட்டிப் பொடியன், காடு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. பிலோமினா அக்கா என்னோடு வந்தா. பாதி வழியில் ஒரு காய்ந்த அருவிக் கரையில் மருத மரமும் இருக்கிறதற்கு ஒரு மரக்குற்றியும் உண்டு. அங்கே இருந்துவிட்டா.

"நீங்கள் போங்கோ. நான் றெஜினாவோட பின்னால வாறன்."

இது நடக்கிற காரியம்தான். களைத்தவர் குற்றியில் இருப்பார், அடுத்த கூட்டம் கூட்டிக்கொண்டு வரும். நான் வோக்கி டோக்கியில் நசீருக்குச் சொன்னேன். அவன் ஓம் என்றான். அவன் வந்து சேர்ந்தபோது குற்றியில் ஆள் இல்லை. எழும்பி எங்களைப் பிடித்திருப்பா என்று அவன் நினைத்தான். எப்படியும் வாசலில் குழை சொல்லும்தானே. அவன் மட்டும் இல்லை, நாங்கள் எல்லாரும் அந்த மரத்தை அப்படித்தான் நம்பியிருந்தோம்.

றெஜினா மச்சாள் வெளியே வந்து தன் குழையை எடுத்தா. பக்கத்தில் அண்ணியின் குழை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தானே போடாத குழையை அவ எங்கே எடுக்கப் போறா, முதல் கூட்டத்தோடு வந்து பஸ்ஸில் ஏறியிருப்பா என்று நினைத்து, அதையும் எடுத்துப் பற்றைக்குள் எறிந்துவிட்டா. முதல் பஸ்ஸில் இருந்தவர்கள், பிலோமினா றெஜினாவோடு பின்னால் வருகிறா என்று இருந்தார்கள். பின் பஸ்ஸில் இருந்தவர்கள் முன் பஸ்ஸில் போறா என்று இருந்தார்கள். பஸ் இரண்டும் போய்விட்டன. கொப்பில் ஒன்றும் இல்லை.

நான் கதவைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுக்க, கந்தோர்த் தொலைபேசி அடித்தது. பாலத்தடியில் தேத்தண்ணிக்கு இறங்கிய இடத்தில்தான் அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. சேர் எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். ஒருவர் மாறி ஒருவர் கதைத்தார்கள். சேர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவவின்ர குழையை ஆர் எடுத்தது?"

பிறகு றெஜினா மச்சாளின் குரல். "நான்தான் ஐயா. நான்தான் போட்டனான், நான்தான் எடுத்தனான்."

சேர் தொலைபேசியை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். பொழுது மரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பிலோமினா அக்காவின் மகள் வீட்டில் தாய் வருகிற வழி பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நானும் அவர்களின் வீடு இருக்கிற அதே ஒழுங்கைக்குள்தான் திரும்பிப் போக வேண்டும்.

நசீர் யானை விரட்டுகிற வெடியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். சேர் வீரை மரத்தடியில் நின்று குழை முறித்தார்.

"சேர், நேரம் இல்லை" என்றான் நசீர்.

"உள்ளுக்குப் போறம்தானே" என்றார். மூன்று பேரும் போட்டோம்.

மருதடியில் தேடத் தேவையிருக்கவில்லை. குற்றிக்குப் பக்கத்திலேயே பாலைப்பழ விதைகள், அன்றைக்குத் துப்பியவை. நாலடி தள்ளி இன்னும் இரண்டு. தின்று துப்பிக்கொண்டே பாதையை விட்டு இறங்கியிருக்கிறா. மூன்று பேருமே ஒரே நேரத்தில் கண்டோம். கொஞ்ச தூரம் உள்ளே போக, கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. காற்று இல்லை.

பெரிய பாலை மரம். மேலே கரடி. கீழே, வேருக்குள் முதுகைக் கொடுத்து, பிலோமினா அக்கா இருந்தா. மடியில் சேலை நிறையப் பழம். அவ பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது அது மேலே இருந்திருக்கிறது, அவ காணவில்லை. கண்ட பிறகு அசையப் பயந்து அப்படியே இருந்துவிட்டா. எவ்வளவு நேரம் என்று அவவுக்கே தெரியாது. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தா. கரடி முறித்து விழுத்துகிற கொப்புகள் அவவின் தலையில் விழுந்துகொண்டிருந்தன.

நசீர் வெடியைத் தூக்கினான். சேர் கையைத் தாழ்த்திக் காட்டினார். இப்போது கொளுத்தினால் அது அவவுக்கு மேலேதான் இறங்கும். சேர் எங்களை நிற்கச் சொல்லிவிட்டு முன்னுக்குப் போனார். வாசலில் போத்தல் குலுக்கும்போது பேசுகிற அதே குரல்.

"அம்மா, எழும்ப வேண்டாம். இருந்தபடியே என்னட்டை நகருங்கோ. மேல பாக்காதேங்கோ. என்னையே பாத்துக்கொண்டு வாங்கோ. ஓம், அப்பிடித்தான்."

அவ நகர்ந்தா. ஒரு கையால் மடியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தா. அந்தப் பழத்தை விட்டிருக்கலாம், பிறகு நான் கேட்டேன். "பிள்ளைக்கெண்டு பொறுக்கினது, கை விடேல்லை" என்றா. சேரின் காலடிக்குக் கிட்ட வரும்போது சேலை முள்ளில் பட்டு அவிழ்ந்து, பழம் முழுக்க உதிர்ந்தது. கரடி கீழே பார்த்தது. பின்பக்கமாக, சறுக்கிக்கொண்டு, நான் நினைத்துப் பார்க்காத வேகத்தில் இறங்கியது.

சேர் அவவைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இடையில் நின்றார். தடியைக் குறுக்கே பிடித்தார். அது எழும்பி நின்று ஒருதரம் கையை வீசியது. அவ்வளவுதான். நசீரின் வெடி வெடித்தது, கரடி பற்றையை உடைத்துக்கொண்டு ஓடியது. சேர் முகத்தைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்தார். கண்ணாடி எங்கே என்று தேடச் சொன்னார். நான் தேடினேன். ஒரு பக்கம்தான் அகப்பட்டது.

என் துவாயை அவர் முகத்தில் சுற்றினோம். நசீரும் நானும் தாங்கிக்கொண்டு வந்தோம். பிலோமினா அக்கா அவருடைய தடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தா. ஒரு கீறலும் இல்லை அவவுக்கு. அன்றைக்கு வால் அவதான்.

வாசலில் பஸ்கள் திரும்பி வந்து நின்றன. சேரை ஜீப்பில் ஏற்றி மன்னார் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நசீர் தன் குழையை எடுத்துவிட்டு அவரோடு ஏறினான். நான் என்னுடையதை எடுத்தேன். ஒன்று மிஞ்சியது. றெஜினா மச்சாள் அழுதுகொண்டே வந்து அதற்குக் கையை நீட்டினா. பாவம், என்ன நினைத்தாவோ தெரியாது. நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"நீங்கள் ஒருக்கா எடுத்தது காணும் மச்சாள். விடுங்கோ."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சனம் பிறகு கதைத்தது. எனக்கு இன்றைக்கும் சொன்னது சரி என்றுதான் படுகிறது.

மன்னாரில் இருந்து கொழும்புக்குக் கொண்டு போனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கண் போய்விட்டது. அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வந்தார். அவர் வந்தவுடன் குழைப் பழக்கத்தை நிற்பாட்டிப் பேர் எழுதுகிற முறையைக் கொண்டுவந்தார். அவர் சொன்னது நியாயமும்தான். ஒரு கண் போனதற்குப் பிறகு யார் ஐயனாரை நம்பிக் கணக்கு வைப்பார்கள்? ஆனால் அந்த ஒரு குழையை எடுக்க நான் விடவில்லை. இலை காய்ந்து ஒரு குச்சியாக வந்துவிட்டது. கச்சான் காற்றுக்கு விழுந்துவிடும் என்று வீட்டில் இருந்து தங்கூசி கொண்டுவந்து கட்டினேன். வலைக்குப் போடுகிற நைலோன் நூல், அறாது. புது அதிகாரி கண்டும் காணாத மாதிரி விட்டுவிட்டார்.

ஒவ்வொரு பின்னேரமும் பூட்டச் சொல்லி அவர் திறப்பைத் தருவார். நான் கொப்பைப் பார்ப்பேன். குழை இருக்கும். பூட்டுவேன். ஒரு மனிதனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரித்தான் இருந்தது. அந்த வருசம் போல நான் எந்த வருசமும் களைக்கவில்லை. நடந்த களைப்பு இல்லை அது.

பிலோமினா அக்கா பெரியமடுவுக்குப் போய் வரத் தொடங்கினா. முதல் தரம் நல்ல பாரைக் கருவாடு பொதி கட்டிக்கொண்டு போனா. அந்த மனுசன் சைவம். "பக்கத்து வீட்டுக்கு உங்கட கருவாடு நல்லாப் பிடிச்சிருக்கு அம்மா" என்றாராம். அதற்குப் பிறகு பனங்கட்டி கொண்டு போனா. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது முதலில் சொல்லப் போனதும் அங்கேதான்.

அடுத்த மடுத் திருவிழாவும் வந்து போனது. அதற்கு அடுத்த நாள், பூட்டுகிற நேரம், வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பிலோமினா அக்கா இறங்கினா, பின்னால் சேர். தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார். வேலையில் இருந்து நின்றுவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நேரே வீரை மரத்தடிக்குப் போனார்.

குழைக்குக் கையை நீட்டினார். கை அதற்கு இந்தப் பக்கம் வெறும் காற்றைப் பிடித்தது. திரும்ப நீட்டினார், அந்தப் பக்கம் போனது. ஒரு கண்ணால் தூரம் தெரியாதாம், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிலோமினா அக்கா என்னைப் பார்த்தா. நான் தலையை ஆட்டவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் கிட்டப் போகவில்லை. அவர் கொப்பைப் பிடித்து, கொப்பு வழியே தடவிக்கொண்டு போய், குச்சியைக் கண்டுபிடித்தார். தங்கூசியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஆர் கட்டினது?"

"நான்தான் சேர். காற்றுக்கு விழுந்திடும் எண்டு."

முடிச்சை அவிழ்க்க நல்ல நேரம் எடுத்தது. அவிழ்த்துக் குச்சியைச் சட்டைப் பொக்கற்றில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார்.

"நான் வெளியில வந்திட்டன் பிள்ளை" என்றார். "இனிப் பூட்டுங்கோ."

கொப்பைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பூட்டினேன்.